மார்க்கும் அபிப்பிராயமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சில, சிறந்த மருத்துவ மாணவர்களுக்கான ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா என்ற கௌரவ சங்கத்துக்கு, கறுப்பின மாணவர்கள் மிகக் குறைவாகத் தேர்வாகிறார்கள் என்று, மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தியதை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மார்க் என்றால் மார்க்தான். கறுப்பின மாணவர்கள் குறைவாகத் தேர்வானால் அவர்கள் குறைவாகப் படித்தார்கள் என்றுதானே பொருள்? அதற்காகப் பரிசையே ஒழித்துவிட்டால், ராப்பகலாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்? ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும்போது கத்தி பிடிப்பவர் முதல் வரிசை மாணவராக இருக்க வேண்டும் என்றுதானே எவரும் நினைப்போம்?

என் மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் வார்டு பயிற்சிக்கு ஹானர்ஸ் என்ற உயர்ந்த கிரேடு உண்டு. மற்றதில் பாஸ், ஃபெயில் மட்டும். எதில் சேரச் சொல்வீர்கள்?

பெயர் வெளியிட வேண்டாம்.
சிகாகோ புறநகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ‘நம் பிள்ளைகள்’ விஷயத்துக்கு வருகிறேன். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2014-15இல் அங்குள்ள 12 ரெசிடென்சி (பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) பிரிவுகளுக்கு வந்த 4,655 விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். வெள்ளையின மாணவர் இந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் வாய்ப்பு விகிதம், கறுப்பின மாணவருடையதைவிட ஏறக்குறைய 6 மடங்கு. ஆசிய மாணவருடையதைவிட ஏறக்குறைய 2 மடங்கு. ஆசியர் என்ற கட்டத்தில்தான் உங்கள் மகளும் வருகிறாள். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பரிசு, உங்கள் வீட்டுக்கும் பாதி வழிதான் திறந்திருந்தது.

‘அவர்கள் குறைவாகப் படித்தார்கள்’ என்கிறீர்கள். மேலே சொன்ன கணக்கு, மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 மதிப்பெண், ஆராய்ச்சிக் கட்டுரைகள், சமூகப் பணி, தலைமைப் பொறுப்புகள் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டிய பிறகு மிஞ்சியது. ஒரே மார்க் எடுத்த இருவரில் ஒருவர் உள்ளே போகிறார், மற்றவர் வெளியே நிற்கிறார். இதில் நீங்கள் கேட்கத்தக்க ஒரு கேள்வி உண்டு: வார்டு பயிற்சியில் வாங்கிய கிரேடுகள் அந்தப் பட்டியலில் இல்லையே? இல்லைதான். ஆகவே அந்தக் கிரேடு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

மூன்றாம் ஆண்டில் மாணவர் வார்டுக்குப் போகிறார். சில வாரங்கள் அறுவைசிகிச்சை, சில வாரங்கள் குழந்தை மருத்துவம் என்று சுற்றி வருகிறார். விடியுமுன் நோயாளியைப் பார்த்துக் குறிப்பெடுத்து, காலை ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் ஒப்பிக்கிறார். பயிற்சியின் கடைசியில் ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. ஆனால் கிரேடில் பெரும் பங்கு பெரும்பாலும் ரெசிடெண்டும் மூத்த மருத்துவரும் நிரப்பும் படிவத்துக்கே. அந்த மூத்த மருத்துவர் இந்த மாணவரை மொத்தமாகச் சில மணி நேரம் பார்த்திருந்தால் அதிகம். இரவுப் பணி முடிந்த களைப்பில், பல நாள் கழித்து, ‘முன்முயற்சி’, ‘குழுவோடு இணக்கம்’ என்ற கட்டங்களில் டிக் போடுகிறார். இணக்கம் என்பதை எதைக்கொண்டு அளப்பது? தன்னைப்போல் பேசுகிறவன், தான் சிரிக்கும் இடத்தில் சிரிக்கிறவன் இணக்கமானவனாகத் தெரிவது மனித இயல்பு. இதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

இந்தக் கிரேடின் லட்சணத்தைச் சொல்ல இன்னொரு செய்தி போதும். நாடு முழுக்க மருத்துவக் கல்லூரிகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வில், உச்சபட்ச கிரேடு பெற்றவர்களின் பங்கு ஓரிடத்தில் 2 சதவீதம், இன்னோரிடத்தில் 93 சதவீதம். மார்க் என்றால் மார்க்தான் என்று நீங்கள் சொன்னபோது இதை நினைத்திருக்க மாட்டீர்கள்.

டிக் போடுவதோடு நிற்பதில்லை, வாக்கியமும் எழுதுகிறார்கள். டீன் அலுவலகம் ரெசிடென்சிக்கு அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதங்களை ஆராய்ந்த மற்றொரு 2017ஆம் ஆண்டு ஆய்வில், வெள்ளையின மாணவர்களுக்கு ‘அபாரமானவர்’, ‘மிகச் சிறந்தவர்’ போன்ற சொற்கள் அதிகம் விழுந்தன. கறுப்பின மாணவர்களுக்கு அதிகம் விழுந்தது ‘திறமையுள்ளவர்’. யாரும் குறை சொல்லவில்லைதான். ஆனால் தோல் மருத்துவத்துக்கோ எலும்பு அறுவைசிகிச்சைக்கோ ஆளெடுக்கும் குழு, திறமையுள்ளவரை அடுக்கின் அடியில் வைத்துவிட்டு அபாரமானவரைத்தான் நேர்காணலுக்கு அழைக்கும்.

இனி, இந்தச் சிறு சாய்வு எப்படி 6 மடங்காகிறது? சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி தன் சொந்தக் கணக்கையே பிரித்துப் பார்த்து 2018இல் வெளியிட்டது. இந்த விவகாரத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இதுதான். தன் வீட்டுக் குப்பையைத் தானே கிளறிக் காட்ட ஒரு நிறுவனத்துக்குத் துணிச்சல் வேண்டும். படிவ மதிப்பெண்களில் இன வித்தியாசம் மிகச் சிறியதாகத்தான் இருந்தது. ஆனால் கறுப்பினத்தவர் போல் மருத்துவத்துறையில் எண்ணிக்கை குறைந்த இனங்களின் மாணவர்கள் பெற்ற ஹானர்ஸ் ஏறக்குறைய பாதிதான். கௌரவ சங்கத்துக்குத் தேர்வாகும் வாய்ப்போ மூன்றில் ஒரு பங்கு. காரணம் கோடு போடுவது. கட்-ஆஃபில் கால் மார்க் குறைந்து டாக்டர் சீட்டை இழந்த பையன் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவன் உண்டு. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கால் மார்க் வித்தியாசம் கோட்டில் வந்ததும் டாக்டர், டாக்டர் இல்லை என்ற வித்தியாசமாகிறது. இங்கே ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு கோடு, அவற்றைக் கூட்டி மேலே இன்னொரு கோடு.

எழுத்துத் தேர்வுச் சராசரியிலும் இனவாரியான இடைவெளி இருக்கிறது. அதை மறைத்துப் பேசுகிறவர்கள் எனக்கு உடன்பாடானவர்கள் அல்லர். அதன் வேர் பள்ளியில், குடும்ப வருமானத்தில் இருக்கிறது. மருத்துவக் கல்வியின் சொந்த வரலாற்றிலும் இருக்கிறது. 1910இல் மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்த ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை வந்தபோது கறுப்பினத்தவருக்கு 7 மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. அதன் பிறகு 5 மூடப்பட்டு ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. பல தலைமுறைகளுக்கு டாக்டர் அப்பாவின் நண்பர், டாக்டர் அத்தை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லாமல் போன சமூகம் அது.

ஆபரேஷன் மேசை பயத்துக்கு ஒரு வரி: உங்கள் சர்ஜன் எந்த இனமானாலும் ஒரே உரிமத் தேர்வுகளைத் தேறி, பிறகு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ரெசிடென்சியில் கத்தி பிடித்துப் பழகியவர்தான்.

நியூயார்க்கின் மௌன்ட் சினாய் கல்லூரி 2018இலும், சான் பிரான்சிஸ்கோ கல்லூரி 2020இலும் மாணவர் தேர்வை நிறுத்தின. செய்தது சரி என்பதே இன்றும் என் எண்ணம். நோய் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். 2022 ஜனவரியில் ஸ்டெப் 1 தேர்வும் பாஸ், ஃபெயில் ஆனது. உடனே எல்லோருடைய கண்ணும் ஸ்டெப் 2 மதிப்பெண் மீதும் கட்டுரை எண்ணிக்கை மீதும் திரும்பியது. ஓர் ஆண்டு சம்பளமில்லாமல் ஆராய்ச்சி செய்ய வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அங்கேயும் முன்னிலைதான்.

மகள் விஷயம். பாஸ், ஃபெயில் என்ற பலகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பல கல்லூரிகளில் அது முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு மட்டுமே. வார்டுக்குப் போனதும் ஹானர்ஸ் வந்துவிடும். மூன்றாம் ஆண்டு கிரேடில் எழுத்துத் தேர்வுக்கு எத்தனை சதவீதம், படிவத்துக்கு எத்தனை, ஒரு மாணவரை எத்தனை பேர் மதிப்பிடுகிறார்கள், போன ஆண்டு ஹானர்ஸ் பெற்றவர்களின் இனவாரிக் கணக்கைக் கல்லூரி தன் மாணவர்களுக்குக் காட்டுகிறதா என்று இரண்டு இடங்களிலும் அவளையே கேட்கச் சொல்லுங்கள். அலுவலகத்தைவிட நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். ரெசிடென்சி வரை போகிறவள் அவள்தான்; கடைசி வார்த்தையும் அவளுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்.