கையுறையா, ஸ்க்ரப்பா? முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: டொக்டர், எனக்கு 26 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் ஏசி போட்ட ஒபிஸில் வேலை. இரண்டு மேற்கைகளிலும் சின்னச் சின்னக் குருக்கள், தடவினால் சொரசொரவென்று இருக்கும். புறக்கோட்டையில் உடம்பு தேய்க்கிற கையுறை ஒரு சோடி வாங்கி, மூன்று மாதமாகத் தினமும் தேய்க்கிறேன். முதல் கிழமை வழுவழுப்பாகத்தான் இருந்தது. இப்போது தோள்பட்டை எலும்பும் கழுத்தெலும்பும் கறுத்துக்கொண்டு வருகின்றன. கையுறையை எறிந்துவிட்டு, மணிமணியாக இருக்கிற ஸ்க்ரப் கிறீம் பாவி என்கிறா மச்சாள். இரண்டு மாதத்தில் அக்காவின் கலியாணம், கையில்லாத பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டேன். எது நல்லது?

பதில்: நீங்கள் கேட்டது கையுறையா ஸ்க்ரப்பா என்று. எனக்கு அவசரமாகப் பட்டது அந்தக் கறுப்பு. இன்றிலிருந்து இரண்டையும் நிறுத்துங்கள். நாலு கிழமைக்கு உங்கள் கையும் மென்மையான சவர்க்காரமும் போதும்.

எலும்பு மேலே தெரிகிற இடங்களில், அதாவது கழுத்தெலும்பு, தோள்பட்டை, முதுகந்தண்டு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஆகியவற்றில், நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ள நிறமியைக் கூட்டும். 1980களில் ஜப்பானிய வைத்தியர்கள் நைலோன் துவாயால் உடம்பு தேய்ப்பவர்களிடம் இதையே கண்டு எழுதினார்கள். எங்களைப் போன்ற மாநிறத் தோலில் இது இன்னும் எளிதாக வரும். வந்த பிறகு நடப்பதுதான் கொடுமை: கறுப்பை ஊத்தை என்று நினைத்து இன்னும் பலமாகத் தேய்ப்பார்கள். கிளினிக்குக்கு வந்த ஒருவரிடம், வீட்டில் எப்படித் தேய்ப்பீர்கள் என்று என் புறங்கையில் செய்து காட்டச் சொன்னேன். சட்டி மினுக்குவது போலத் தேய்த்தார். ஐந்தாவது இழுவையிலேயே கையை இழுத்துக்கொண்டேன். அவரோ இது மெதுவாகத்தானே என்றார்.

தேய்ப்பதை விட்டால் இந்த நிறம் மங்கும், ஆனால் மாதக்கணக்கில். கலியாணத்துக்குள் முழுதாகப் போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளையாக்கும் கிறீம் எதையும் கேட்டு வாங்கிப் பூசிவிடாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்தது கைக்கு வந்தால் இதைவிடப் பெரிய வேலை ஆகிவிடும்.

அடுத்தது மேற்கைக் குருக்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பலரும் கோழித்தோல் என்று சொல்கிற கெரட்டோசிஸ் பிலாரிஸ் ஆக இருக்க வேண்டும். மயிர்த்துளையின் வாயில் கெரட்டின் என்ற புரதம் அடைத்துக் குட்டி மூடி போல நிற்கிறது. ஊத்தை அல்ல, தொற்றும் அல்ல. பெரும்பாலும் குடும்பத்தில் இருக்கும். அம்மாவின் மேற்கையைத் தடவிப் பாருங்கள். கையுறை அந்த மூடியின் தலையை மட்டும் சீவும். அதனால்தான் முதல் கிழமை வழுவழுப்பு. அடைப்பு உள்ளேயே இருக்கிறது, சுற்றியுள்ள தோல் சிவந்து குரு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இதற்கு வேண்டியது கரைக்கிற மருந்து. பார்மசியில் 10 வீத யூரியா கிறீம் கேளுங்கள். குளித்துத் துவாயால் ஒற்றியதும், ஈரம் முழுக்கக் காய முன் பூசுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தரம். லக்டிக் அமிலம் சேர்ந்த லோஷனும் நல்லது, ஆனால் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் திரிவதானால் சன்ஸ்கிரீனும் வேண்டும். ஷேவ் செய்த அன்று இரண்டுமே எரியும், விட்டுவிடுங்கள். பலன் தெரிய ஆறு கிழமையாவது பொறுக்க வேண்டும். உங்களுக்கு எட்டுக் கிழமை கையில் இருக்கிறது. வெளியே கொழும்புப் புழுக்கம் என்றாலும், எட்டு மணித்தியாலம் ஏசிக்குள் இருந்தால் தோல் காயத்தான் செய்யும். ஒபிஸ் மேசையிலும் ஒரு கிறீம் வைத்திருங்கள்.

சரி, பிறகு எப்போதாவது தேய்க்க ஆசைப்பட்டால் எது? என் தெரிவு ஸ்க்ரப், அதுவும் மணி சின்னதாக, உருண்டையாக இருப்பது. உடைத்த கொட்டைத் தூள் போட்டது வேண்டாம், அதன் முனைகள் கீறும். கையுறையை விட்டு ஸ்க்ரப்பைச் சொல்வதற்குத் தோலைவிடக் குளியலறைதான் காரணம். கையுறை உலர வேண்டும். பிளட்டில் ஜன்னலில்லாத குளியலறையில், குழாயில் தொங்குகிற கையுறை இந்த ஊரில் எப்போது உலரும்? ஈரத்தோடு கிடக்கிற கையுறையிலும், ஊரில் பாவிக்கிற பீர்க்கங்கூட்டிலும் கிருமி நன்றாக வளரும். ஷேவ் செய்த காலில் அதைப் போட்டால் மயிர்த்துளைகளில் சீழ்க்குரு வரலாம். மற்றபடி, பாதத்துக்குக் கையுறை சுகமானதுதான், அதை மறுக்கவில்லை.

எதுவானாலும் கிழமைக்கு ஒருதரம். ஒரு இடத்துக்கு அரை நிமிடம், முகம் கழுவுகிற அழுத்தம். உருண்டு வருகிற சாம்பல் நிறத் திரளைப் பார்த்து உற்சாகப்படாதீர்கள். இளம் வயதில் தோலின் மேற்படை ஏறத்தாழ நாலு கிழமையில் தானாகவே உதிர்ந்து புதிதாகும். நீங்கள் தேய்க்காவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். தேமல், படர்தாமரை, வியர்க்குரு, காயம் இருக்கிற இடத்தில் கையே வைக்க வேண்டாம்.

மச்சாள் வீட்டில் சீனியும் தேசிக்காய்ப் புளியும் கலந்து தேய்ப்பாவாக இருந்தால், அவவுக்கும் சொல்லுங்கள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சுட்டது போலச் சிவந்து கொப்பளித்து, பிறகு கறுத்த திட்டாக நிற்கும். சீனி கரைந்து போய்விடும், அதனால் பிரச்சினை இல்லை. கோப்பித் தூளும் அப்படியொன்றும் பொல்லாததல்ல, குழாய் அடைக்கும் என்பதைத் தவிர. அம்மம்மாமாரின் பயற்றம் மா, மெல்லிய அரிதட்டில் அரித்ததாக இருந்தால், இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடிக்கும்.

ஆறு கிழமையில் குருக்கள் குறையாவிட்டால், கறுப்பு பரவினால், அல்லது அரிக்கத் தொடங்கினால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் இருக்கிறது. கலியாணத்துக்கு முந்திய கிழமை புதிதாக எதையும் பூசிப் பார்க்காதீர்கள், வக்ஸிங் என்றால் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தக் கையுறையை எறிய வேண்டியதில்லை. சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, மொட்டைமாடிக் கொடியில் நல்ல வெயிலில் காயவிட்டு, குதிக்காலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.