கவட்டைக் குச்சியும் ஐந்து குடங்களும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ஊரில் நம்புகிற ஒரு செய்தியை எடுத்து, எட்டாம் வகுப்பில் மாதம் ஒரு சோதனை செய்கிறோம். சென்ற மாதம் நீரோட்டம் பார்ப்பதை எடுத்துக்கொண்டோம். என் மாணவன் ஒருவனின் தாத்தா, கவட்டைக் குச்சி பிடித்து போர் போட இடம் குறித்துக் கொடுப்பவர். அழைத்ததும் மகிழ்ச்சியோடு வந்தார். ஐந்து குடங்களை மூடி வைத்து, ஒன்றில் மட்டும் தண்ணீர் நிரப்பி, பத்து முறை இடம் மாற்றி வைத்தோம். இரண்டு முறைதான் சரியாகச் சொன்னார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விட்டார். பேரன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. உண்மையைத்தானே காட்டினேன்? ஏன் இப்படி உறுத்துகிறது? இந்தச் சோதனைகளைத் தொடரலாமா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடருங்கள். 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியே நம் அரசியலமைப்பில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதும் ஒன்று. அதே வரியில், அந்தச் சொல்லை அடுத்தே, மனிதநேயம் என்ற சொல்லும் இருக்கிறது. உங்களை உறுத்துவது அந்த இரண்டாவது சொல்தான். உறுத்துவது நல்லது.

சோதனையின் அமைப்பில் பெரிய குறை இல்லை. குறை வரிசையில் இருக்கிறது. பெரியவர் கையில் குச்சியைக் கொடுப்பதற்கு முன் உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பிடித்திருக்க வேண்டும். ஐந்து குடம், பத்து முறை என்றால், கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொன்னாலும் சராசரியாக இரண்டு முறை சரியாக அமையும். பெரியவருக்கு வந்ததும் அதே இரண்டு. அவர் படுதோல்வி அடைந்ததுபோலப் பிள்ளைகள் சிரித்தார்களே, அவர்களைப் பிடிக்கச் சொல்லியிருந்தால் ஒருவனுக்கு ஒன்று, இன்னொருத்திக்கு மூன்று என்று வந்திருக்கும். நான்கு வந்த பிள்ளையும் இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சக்தி இருக்கிறதா என்று வகுப்பே ஒரு கணம் திகைத்திருக்கும். மறுபடி பத்து முறை செய்து பார்த்திருப்பார்கள். தற்செயல் என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாக எந்தப் பாடத்தில் சொல்லித்தர முடியும்?

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குச்சி அவர்கள் கையிலும் வளைந்திருக்கும்! கவட்டையின் இரு கிளைகளையும் உள்ளங்கை மேல்நோக்க இறுகப் பிடித்து, இலேசாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். குச்சி வில் போல விறைத்து நிற்கும். மணிக்கட்டு நூலளவு திரும்பினாலும் நுனி சட்டென்று கீழே சாயும். திருப்பியது நாம்தான் என்பது நமக்கே தெரியாது. கண்ணெதிரே திறந்த குடத்தில் தண்ணீர் இருக்கும்போது, 'இங்கே வளையும்' என்று மனம் எதிர்பார்க்கிறது, கை அதைச் செய்துவிடுகிறது. இதைத் தன் கையில் உணர்ந்த பிள்ளை அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரிக்காது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், அவருடைய கையும் தன் கையைப் போன்றதுதான் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

1853இல் மைக்கேல் ஃபாரடே இதைத்தான் செய்தார். அப்போது இங்கிலாந்தில் மேசை சுழற்றுவது பெரும் பித்தாகப் பரவியிருந்தது. நான்கைந்து பேர் மேசைமேல் கைவைத்து உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் மேசை நகரும். ஆவி என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர். ஃபாரடே கைக்கும் மேசைக்கும் நடுவே சில அட்டைகளை, வழுக்கி நகரக்கூடிய மெல்லிய பசையால் ஒட்டி அடுக்கினார். மேசை கையை இழுத்தால் அடி அட்டை முதலில் நகர வேண்டும். கை மேசையைத் தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியது. பிறகு, கை தள்ளுவதை உடனுக்குடன் காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தி, உட்கார்ந்திருப்பவர்களே பார்க்கும்படி வைத்தார். முள்ளைப் பார்த்ததும் தள்ளுவது நின்றது, மேசையும் நின்றது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஃபாரடே எண்ணவில்லை. நேர்மையானவர்கள், தாம் தள்ளுவதை அறியாதவர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் சோதனையையே அமைத்தார். கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய அந்த மனிதரின் அறிவைவிட இந்தப் பண்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குடத்துத் தண்ணீருக்குக் குச்சி வளையுமா என்று பெரியவரிடம் முன்பே கேட்டீர்களா? 'எனக்குத் தெரிவது நிலத்தடி ஓட்டம், குடத்து நீர் அல்ல' என்று அவர் சொல்லியிருந்தால் இந்தச் சோதனை அவருக்குப் பொருந்தாது. முதலில் மூடி திறந்த குடங்களோடு செய்ய வேண்டும். வளைகிறது, சரியாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் மூட வேண்டும். எத்தனை சரியானால் வெற்றி என்பதையும் முன்கூட்டியே அவர் வாயால் சொல்ல வைத்து, கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். தண்ணீர் எந்தக் குடத்தில் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்து, வைத்தவர் அங்கே நிற்காமல் வெளியே போய்விட வேண்டும். தெரிந்தவர் முகம் பேசிவிடும்.

அடுத்த மாதம் ஊர் நம்பிக்கையை விட்டுவிட்டு, வகுப்பறையின் நம்பிக்கை ஒன்றைச் சோதியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்போமே, அதுதான். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல காலம் பிறருக்கு அதையே சொன்னேன். அதே டம்ளருக்குள் ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுவத்திகளை வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான். ஆனால் தண்ணீர் கூடுதலாக ஏறும். சுடரின் வெப்பத்தில் காற்று விரிந்து, சில குமிழிகள் வெளியேறுகின்றன. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஏற்றத்தில் பெரும்பங்கு இதனால்தான். ஆக்சிஜனும் முழுவதும் தீர்வதில்லை, தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. இதைச் செய்துவிட்டு, 'நான் இத்தனை நாள் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன்' என்று பிள்ளைகள் முன் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு, அவர்கள் வீட்டு நம்பிக்கைகளைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக வந்துவிடும்.

நம் மாவட்டத்தில் உடனே சோதிக்க வேண்டிய நம்பிக்கை வேறொன்று இருக்கிறது. 'தண்ணீரைக் காய்ச்சினால் எல்லாக் கெடுதலும் போய்விடும்.' தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்ததே அதனால்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. காய்ச்சினால் கிருமி சாகும், அதற்காகக் காய்ச்சத்தான் வேண்டும். ஃபுளோரைடு சாவதற்கு உயிரி அல்ல. ஒரு லிட்டர் நீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து, பாதியாகும்வரை காய்ச்சி, ஆறியபின் சொட்டு சொட்டாக நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரிப்பு கூடியிருக்கும். ஆவியாகப் போவது நீர் மட்டும், கரைந்தது பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. ஃபுளோரைடும் அப்படித்தான்: 1.5 இருந்த நீர் பாதியாகச் சுண்டினால் 3 ஆகிவிடும். பல்லில் பழுப்பு வரி விழுந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று திட்டு வாங்கியிருப்பார்கள். பல் உருவாகும் வயதில் எனாமலுக்குள்ளேயே படிந்த கறை எந்தப் பற்பசைக்கும் போகாது. அந்தப் பிள்ளைகள்மேல் விழுந்த பழியை ஒரு பாத்திரமும் ஒரு கரண்டி உப்பும் துடைக்கும் என்றால் இதைவிட நல்ல சோதனை எது?

மாம்பழக் காலத்தில் இன்னொன்று செய்யலாம். கார்பைடு வைத்துப் பழுத்தது தண்ணீரில் மிதக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மரத்திலிருந்து நீங்களே பறித்த காய்களை, பிஞ்சும் முற்றியதுமாக, வாளியில் போடுங்கள். கார்பைடே படாதவை, ஆனாலும் சில மிதக்கும். முற்றிய காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும் என்பதுதான் அந்த வாளி சொல்வது.

பெரியவரிடம் திரும்புகிறேன். அவர் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்போடு ஒரு நோட்டையும் கொண்டுபோங்கள். இதுவரை குறித்துக் கொடுத்த இடங்களை நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள், பேரன் எழுதட்டும். யார் நிலம், எத்தனை அடி, தண்ணீரா, நீரில்லாமல் வெறும் தூசிப் புகையா, இடம் பார்த்தது யார். பிறகு மற்ற மாணவர்கள், எவரிடமும் கேட்காமல் தாமே இடம் முடிவு செய்து போட்ட போர்களையும் அதே நோட்டில் சேர்க்கட்டும். நம்முடையது பாறை நிலம். மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. இருபதடி தள்ளி ஒன்று பொங்கும், ஒன்று புகையும். இந்த ஊரில் போடுகிற போர்களில் எத்தனைக்கு எத்தனை தண்ணீர் வருகிறது என்று தெரியாமல், குச்சி பார்த்த இடத்தில் வந்தது என்பதற்குப் பொருளே இல்லை. அந்தக் கணக்கு ஊரில் எவரிடமும் இல்லை. அதன் ஒரு பகுதியாவது அந்தப் பெரியவர் நினைவில் இருக்கிறது.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் நிலத்தில் என் தந்தை மூன்று போர் போட்டார். மூன்றுக்கும் தேங்காயைக் கையில் வைத்து இடம் பார்த்தவர் ஒருவரே. வாழ்நாள் முழுதும் அப்பா ஊராரிடம் சொல்லி மகிழ்ந்தது மூன்றாவதைப் பற்றி மட்டும். முதல் இரண்டையும் நாங்கள் யாரும் பேசியதில்லை. உங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 280 அடி, தேங்காய், புகை. 350 அடி, தேங்காய், புகை. 260 அடி, தேங்காய், ஒன்றரை அங்குலத் தண்ணீர்.