மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்கள் சிலவற்றில் நடுப்பகுதி காலியாக, சட்டம் மட்டும் இருப்பது ஏன்?

அது பாதியில் விட்ட படம் இல்லை. சட்டம்தான் அங்கே சரக்கு. 1530களில் பிரான்சின் ஃபோந்தேன்புளோ அரண்மனையில் இத்தாலிய ஓவியர் ரோஸ்ஸோ ஃபியோரெந்தினோ சுவரோவியங்களைச் சுற்றிச் சாந்தில் புடைப்புச் சட்டங்கள் அமைத்தார். தோலைப் பட்டையாக நறுக்கி ஓரத்தைச் சுருட்டிவிட்ட மாதிரி வளைவுகள், இடையிடையே பழக்கொத்துகள், குழந்தை உருவங்கள்.

1540களில் அந்தோனியோ ஃபந்தூட்ஸி போன்ற அச்சுக் கலைஞர்கள் இவற்றைச் செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டார்கள். ஒரு படத்தில் ஃபந்தூட்ஸி நடு ஓவியத்தையே எடுத்துவிட்டு நிலக்காட்சி ஒன்றைப் போட்டிருக்கிறார், என்ன துணிச்சல்! ஆனால் தட்டானுக்கும் தச்சனுக்கும் சட்டம் தனியாகக் கிடைப்பதுதான் வசதி: சட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வேண்டியதை வைக்கலாம். அப்புறம் இந்தப் பாணி இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரத்துக்குப் போனது. 1570இல் நிலப்பட வல்லுநர் ஆர்டேலியஸ் அங்கே வெளியிட்ட நிலப்படத் தொகுப்பில் நாட்டின் பெயர் எழுதிய கட்டத்தைப் பாருங்கள், அதே சுருள் பட்டைகள்.