வயிறு உப்புவதற்குச் சீஸ்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 52. சில வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். எடை குறைய வேண்டும் என்று மகள் சொன்னதால் இரவில் சாலட் சாப்பிட ஆரம்பித்தேன். மொறுமொறுப்பான ஊட்டிப் பேரிக்காய், லெட்யூஸ், பச்சை வெங்காயம், துருவிய செடார் சீஸ், மேலே தேனும் எலுமிச்சைச் சாறும். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது. காலையில் இளகிப் போகிறது. சிறு வயதிலிருந்தே பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் சீஸை நிறுத்திவிட்டு, ஒரு பேரிக்காய்க்குப் பதில் இரண்டு போட்டுக்கொண்டேன். தொந்தரவு கூடிவிட்டது. சாலட்டையே விட்டுவிட வேண்டுமா? காசநோய் மாத்திரை சாப்பிடும் என் கணவருக்கும் இதைத் தரலாமா?
- வாசகி, கோவை

பதில்: சீஸை நிறுத்திய பிறகு தொந்தரவு கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. என் சந்தேகம் சீஸ் மீது இல்லை; பேரிக்காய், தேன், பச்சை வெங்காயம் மூன்றின் மீதும்தான்.

பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குச் சிக்கல் அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையால் வருகிறது. ஒரு டம்ளர் பாலில் (200 மில்லி) அது 9, 10 கிராம் இருக்கும். சீஸ் செய்யும்போது அதில் பெரும்பகுதி மோர்த் தண்ணீரோடு வடிந்துவிடுகிறது. மிச்சத்தை, மாதக்கணக்கில் முதிர வைக்கும் காலத்தில் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கின்றன. நன்கு முதிர்ந்த செடாரில் 100 கிராமுக்கு அரை கிராம்கூடத் தேறாது. நீங்கள் போடுவது 30 கிராம் இருந்தால் அதிகம். தயிர் சாப்பிட்டால் உங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை என்றால், இந்தச் சீஸும் செய்யாது.

பேரிக்காய் கதை வேறு. 100 கிராமில் ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை சுமார் 6 கிராம். குளுக்கோஸ் அதில் பாதிகூட இல்லை. நம் சிறுகுடல் ஃப்ரக்டோஸை மெதுவாகத்தான் உறிஞ்சும். கூடவே அதே அளவு குளுக்கோஸ் இருந்தால் அந்த வேலை சுலபமாக நடக்கும். பேரிக்காயில் அது போதாது. போதாக்குறைக்கு சார்பிட்டால் என்ற, குடல் சரியாக உறிஞ்சாத இன்னொரு இனிப்புப் பொருளும் 2 கிராம் அளவுக்கு இருக்கிறது. உறிஞ்சப்படாத இரண்டும் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. மலச்சிக்கல் உள்ள கைக்குழந்தைக்குப் பேரிக்காய்ச் சாறு தருவது இதே காரணத்தால்தான். அங்கே மருந்து, உங்களிடம் தொந்தரவு.

தேனிலும் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் அதிகம். பச்சை வெங்காயத்தில் ஃப்ரக்டான் என்ற, யாருக்குமே முழுதாகச் செரிக்காத நார். மூன்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, இரண்டு பேரிக்காயாகவும் ஆக்கினால் வயிறு சும்மா இருக்குமா?

மெட்ஃபார்மினும் வாயு, வயிற்றுப்போக்கு தரக்கூடியதுதான். ஆனால் அது தினமும் சாப்பிடும் மாத்திரை. சாலட் சாப்பிடாத நாட்களில் வயிறு அமைதியாக இருந்தால் மாத்திரையைக் குறை சொல்ல வேண்டாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அண்மையில் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தால் மட்டும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று நாள் வெள்ளரிக்காய், லெட்யூஸ், சீஸ், எலுமிச்சை மட்டும். வயிறு சமாதானமாக இருந்தால், நான்காம் நாளிலிருந்து பாதிப் பேரிக்காய் சேருங்கள். தேனும் வெங்காயமும் வேண்டாம். அதுவும் தாங்கினால் அந்த அளவோடு நின்றுகொள்ளுங்கள். பலருக்குப் பாதிப் பழம் ஒத்துக்கொள்ளும், முழுப் பழம்தான் வம்பு. பாதியே ஆகவில்லை என்றால் ஆரஞ்சுச் சுளையோ பழுத்த கொய்யாவோ போட்டுக்கொள்ளலாம்.

ரத்தச் சர்க்கரையை நினைத்துப் பேரிக்காயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு அதற்கு 40-க்கும் கீழே, அதாவது குறைவு. பாதிப் பழத்தில் சர்க்கரை சுமார் 8 கிராம். தோலைச் சீவாதீர்கள், நார்ச்சத்தில் நல்ல பங்கு அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை! இயற்கையானது என்பதற்காகச் சர்க்கரை நோயாளிகள் தேனுக்குக் கொடுக்கும் சலுகை எனக்குப் புரிந்ததே இல்லை. எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் போதும். பழத்தைக் கடைசியில் நறுக்கி உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள், கறுக்காது.

இந்தக் கிண்ணம் மட்டுமே இரவுச் சாப்பாடு என்றால் எனக்குச் சம்மதமில்லை. 30 கிராம் செடாரில் புரதம் 7 கிராம்தான். ஒரு அவித்த முட்டையோ, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியோ, ஒரு சப்பாத்தியோ சேருங்கள். சீஸ் 30 கிராமைத் தாண்ட வேண்டாம். அதிலேயே 120 கலோரி இருக்கிறது. ரத்த அழுத்தமும் இருந்தால், பிளாஸ்டிக் உறையில் வரும் சீஸ் ஸ்லைஸைத் தவிருங்கள், உப்பு அதில் அதிகம்.

லெட்யூஸை இலை இலையாகப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணோடு ஒட்டிவரும் நாடாப்புழு முட்டைகள் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதால் சாவதில்லை. அந்த முட்டைகள் வயிற்றுக்குள் போனதால் மூளையில் நாடாப்புழுக் கட்டி வந்து வலிப்போடு வருகிறவர்களில் பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காத சைவர்களும் உண்டு.

உப்புசம் சாலட்டோடு சம்பந்தமில்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால், எடை தானாகக் குறைந்தால், மலத்தில் ரத்தம் போனால், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் இந்தச் சோதனைகளை எல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வந்து போகாமல் நிற்கும் உப்புசத்துக்கு, சினைப்பையையும் ஸ்கேன் செய்து பார்த்தாக வேண்டும்.

உங்கள் கணவர் விஷயம். காசநோய் மருந்துகளில் ஐசோநியாசிட் இருக்கும். முதிர்ந்த சீஸில் உள்ள, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய டைரமின் என்ற பொருளை உடல் உடைப்பதை அது தடுக்கும். சிலருக்கு முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வரும், ரத்த அழுத்தமும் ஏறலாம். சூரை மீன் சாப்பிட்டாலும், அதிலுள்ள ஹிஸ்டமின் என்ற பொருளால், இதே போல வருவதுண்டு. சிகிச்சை முடியும்வரை அவர் கிண்ணத்தில் செடார் வேண்டாம். அன்றன்று செய்த பனீரைப் போடுங்கள். பேரிக்காய் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால், முழுதாகவே சாப்பிடட்டும்.