சீயாக்ஸ் கத்தி: லாரிப் பட்டையில் அடிக்கும்போது ஏன் வளைகிறது, ஏன் விரிசல் விடுகிறது?

கேள்வி: வீட்டில் சிறிய கரி உலை வைத்திருக்கிறேன். முதுகு ஒடிந்தாற்போல் இருக்கும் பழைய ஆங்கிலோ-சாக்சன் சீயாக்ஸ் வடிவில், புழங்குவதற்கேற்ற கத்தி ஒன்று அடிக்க ஆசை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் இரண்டு முறை முயன்றேன். முதல் கத்தி, வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, அடித்து ஒடுக்கும்போதே மேல்நோக்கி வளைந்து, முதுகின் முறிவே தெரியாமல் போனது. இரண்டாவது, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்ததும், பிடிக்குள் போகும் காம்பு தொடங்கும் இடத்தில் விரிசல் விட்டது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: வளைந்ததற்குக் காரணம் நீங்கள் அடித்த வரிசை. விரிசல் விட்டதற்குக் காரணம் தண்ணீரும், காம்பு மூலையில் அரம் விட்ட கூரான வெட்டும். இரண்டையும் தவிர்க்கலாம். ஆனால் முதலில் வடிவம் கைக்கு வர வேண்டும்.

1857-இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'பேயக்னோத்' என்ற பெயர் பொறித்த சீயாக்ஸின் படங்களை நன்றாகப் பாருங்கள். மொத்த நீளம் சுமார் 72 செ.மீ., பிடிக்கு வெளியே உள்ள அலகு மட்டும் சுமார் 55 செ.மீ. பக்கவாட்டில் ரூன் எனப்படும் பழைய ஜெர்மானிய எழுத்துகள் 28-ஐ உலோகக் கம்பியால் பதித்திருக்கிறார்கள். வாய் ஏறக்குறைய நேராக ஓடுகிறது. முதுகு ஓரிடத்தில் முறிந்து, வாயின் கோட்டை நோக்கிச் சரிந்து முனையாகிறது. இந்த வகைக் கத்திகள் பலவற்றில் அலகு பிடியிலிருந்து முறிவு வரை அகலத்திலும் தடிமனிலும் சற்றே கூடிக்கொண்டே போகும். இன்றைய சமையல் கத்தியைப் போலப் பிடியருகே தடிமனாக வைத்து முனை வரை மெலித்தால், முறிவு மட்டும் இருக்கும், சீயாக்ஸ் இருக்காது.

புழங்கும் கத்திக்கு அலகு 15 செ.மீ. போதும். அகலம் பிடியருகே 24 மி.மீ., முறிவில் 28 மி.மீ. முதுகின் தடிமன் பிடியருகே 4 மி.மீ., முறிவில் 5 மி.மீ. முறிவு, பிடியிலிருந்து 9 முதல் 10 செ.மீ. தள்ளி வரட்டும். இதற்கு 25 மி.மீ. அகலமும் 8 மி.மீ. தடிமனும் உள்ள பட்டையில் 10 செ.மீ. நீளம், அதாவது சுமார் 155 கிராம், தாராளமாகப் போதும். உலையில் செதிலாகக் கழிவதும் அரத்தில் போவதும் இதற்குள் அடங்கும். துண்டை வெட்டி எடுத்துவிடாதீர்கள். நீளப் பட்டையின் நுனியிலேயே அலகை அடித்து முடித்து, பிறகு வெட்டிக் காம்பை இழுத்தால் குறடு நழுவும் தொல்லை இல்லை. பட்டையின் நடு போல்ட் ஓட்டையையும், நுனியில் வளையமாகச் சுருண்ட கண் பகுதியையும் ஒதுக்குங்கள். வண்டியில் உழைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதனால் சிறு துண்டு ஒன்றை முதலில் தோய்த்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் கறுத்த கோடு தெரிந்தால் அது பழைய விரிசல், அந்தப் பட்டை வேண்டாம்.

இனி அடிக்கும் வரிசை. முதலில் முனை. ஆரஞ்சு நிறச் சூட்டில், வாய்ப் பக்கம் பட்டறைக்கல்லில் படும்படி பட்டையை நிறுத்தி, நுனியின் மேல் மூலையைச் சாய்வாக அடித்து இறக்குங்கள். அப்போது முறிவருகே உலோகம் இருபுறமும் பிதுங்கும். அதை முழுவதும் தட்டித் தட்டையாக்க வேண்டாம். பழைய கத்திகளில் முறிவருகே காணும் தடிமன் உங்களுக்குத் தானாகவே கிடைப்பது இங்கேதான். தகட்டிலிருந்து வெட்டிச் செய்யும்போது இது கிடைக்காது.

அடுத்து, நீங்கள் விட்டுவிட்ட வேலை. வாயை ஒடுக்குவதற்கு முன்பே அலகு முழுவதையும் அரிவாளைப் போல வாய்ப் பக்கம் உட்குழிய வளைத்துவிட வேண்டும். 15 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 8 மி.மீ. குழிவு வைத்துத் தொடங்குங்கள். சுத்தியல் பட்டு வாய் மெலியும்போது அந்த விளிம்பு நீள்கிறது, முதுகு நீள்வதில்லை. அதனால்தான் அலகு முதுகுப் பக்கம் மடங்குகிறது. முன்வளைவு இருந்தால் அந்த நீட்சியே வாயை நேராக்கிவிடும். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் அடி விழ வேண்டும். இல்லாவிட்டால் தோய்க்கும்போது பக்கவாட்டில் கோணும். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்தி, மறுபடி உலையில் வையுங்கள். வாய் 1.5 மி.மீ.க்குக் கீழே மெலிய வேண்டாம்.

அடித்து முடித்ததும், காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேல் வரை சூடேற்றி, காற்று வீசாத இடத்தில் கறுக்கும் வரை ஆற விடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். கடைசி முறை மட்டும் சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் அரம் நன்றாகப் பிடிக்கும். பலர் தாண்டிவிடும் படி இது. சுத்தியலடியில் உள்ளே தங்கிய இறுக்கமும், சூட்டில் பெருத்த எஃகின் படிக மணிகளும் இதில்தான் சரியாகின்றன. காம்பும் அலகும் சேரும் உள்மூலையை உருண்டை அரத்தால் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு வளைத்துவிடுங்கள். குறுக்காக ஓடும் கிரைண்டர் கீறல் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பழையவற்றைப் போல முதுகோரம் ஒரு நீளப் பள்ளம் வேண்டுமானால் அதையும் இப்போதே, அடி உருண்டையாகச் சுரண்டி எடுங்கள்.

ஸ்பிரிங் பட்டை எண்ணெய்க்கு உரிய எஃகு. தண்ணீர் அதை வேண்டியதைவிட வேகமாகக் குளிர்விக்கிறது. கூரான உள்மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் குறைந்தது 4 லிட்டர் கடலை எண்ணெயோ பாமாயிலோ எடுத்து 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பழைய இன்ஜின் ஆயிலின் புகை நச்சு, வேண்டவே வேண்டாம். காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில். அதற்குமேல் இன்னும் ஒரு நிறம் கூடி, முனை முதல் காம்பு வரை ஒரே சிவப்பாக வந்ததும் முனையை முதலில் விட்டு நேர்குத்தாக இறக்குங்கள். மேலும் கீழும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் கோணும். பத்து விநாடியில் எடுத்து, லேசாகக் கோணியிருந்தால் கையுறையோடு சூடு தணியும் முன்பே நிமிர்த்துங்கள், ஆறிவிட்டால் ஒடியும். அரம் வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. மேல்தோல் கரி இழந்திருக்கும் என்பதால், முதல் உரசலில் பிடித்தாலும் சற்றுத் தேய்த்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

ஏறிய கடினத்தைச் சற்றுத் தணித்து ஒடியாமல் இருக்க, அன்றே ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மீண்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள். வீட்டு அடுப்பின் சூடு ஏறி இறங்கும். மணல் நிரப்பிய தட்டில் புதைத்து, தனி வெப்பமானி வைப்பது நல்லது. பளபளப்பாகத் தேய்த்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். பிறகு அலகைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்து, காம்பை மட்டும் பர்னரால் நீலம் பாயும் வரை சூடாக்கினால் அது ஒடியாது. சாணை பிடிக்கும்போது கையுறை வேண்டாம். விரல் சுட்டால் உடனே தண்ணீரில் தோயுங்கள். முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவாக இறக்கி, கடைசியில் பக்கத்துக்கு 20 டிகிரியில் கூர் வையுங்கள்.

பிடிக்கு ஈட்டி மரமோ பூவரச மரமோ எடுங்கள். குறுக்கு வெட்டு நீள்வட்டமாக, 12 செ.மீ. நீளம். இந்தக் கத்திக்கு விரல் தடுப்பு கிடையாது, அதனால் குத்தும் வேலைக்கு எடுக்கக் கூடாது. துளையை 5 மி.மீ. பிட்டால் போட்டு, காம்பின் அளவிலேயே செய்த சாதா இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, சுட்டுப் பொருத்துங்கள். கத்தியின் காம்பையே காய்ச்சினால் சூடு அலகுக்கு ஏறிப் பதம் கெட்டுவிடும். காம்பில் கடைசி 5 மி.மீ. மட்டும் வெளியே நிற்கும்போது துளையில் எபாக்சி பசை விட்டு, மரச்சுத்தியால் தட்டி இறக்குங்கள்.