கனவு பாட்டிலும் டாப்-அப் கடனும்

கேள்வி: எனக்கு 44 வயது. அரிய விஸ்கி பாட்டில்கள் சேர்க்கிறேன். குடிப்பது குறைவு, சேர்ப்பதில்தான் பைத்தியம். நான்கு வருடங்களுக்கு முன் 14 சதவீத வட்டிக்கு, ஐந்து வருடத் தவணையில் பெர்சனல் லோன் எடுத்து ஆரம்பித்தேன். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது நல்ல பாட்டில் ஏலத்துக்கு வரும், அதே கடனில் டாப்-அப் (ஓடுகிற கடன்மேல் கூடுதல் கடன்) போட்டு வாங்கிவிடுவேன். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இப்போது வங்கியே கூப்பிட்டு மறுபடி டாப்-அப் தருகிறோம் என்கிறது. என்னை இதில் இழுத்துவிட்டவர் மனைவியின் அண்ணன். என் பாட்டில்கள் சில அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் விஸ்கி முதிர்கிற ஒரு முழுப் பீப்பாயை இருவரும் பாதிப் பாதியாக எடுக்கலாம், இந்த மாதமே முடிவு சொல் என்று நெருக்குகிறார். மனைவி பயப்படுகிறாள். மக்காலன் 1926 என்ற ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் ஏலத்தில் இருபது லட்சம் பவுண்டைத் தாண்டிய கதையைச் சொன்னாலும் சமாதானமாகவில்லை. எனக்கும் கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை. டாப்-அப் எடுக்கலாமா? (ஊர், பெயர், தொகை எதுவும் போட வேண்டாம்.)

பதில்: எடுக்காதீர்கள். பீப்பாய்க்கும் வேண்டாம், பாட்டிலுக்கும் வேண்டாம்.

விஸ்கி பாட்டிலுக்குள் முதிராது, பாட்டிலைப் படுக்க வைக்கக் கூடாது, வெயில் ஆகாது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த பாட்டில் நல்லது என்றும் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் ரசனையில் குறை இல்லை. குறை அந்த டாப்-அப் பழக்கத்தில் இருக்கிறது. ‘ஒரு தவணைகூடத் தவறியதில்லை’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தவறாமல் கட்டுவதால்தான் வங்கி உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது.

தொகை வேண்டாம் என்றதால் முதல் கடனை 100 என்று வைத்துக்கொள்வோம். 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் வருடத்துக்கு சுமார் 28 கட்டுவீர்கள். முதல் வருடத்தில் அந்த 28-ல் 13 வட்டிக்கே போய்விடும், அசல் 15 குறையும். கடன் 85-க்கு வந்ததும் 15 டாப்-அப் போட்டு ஒரு பாட்டில் வாங்குகிறீர்கள். கடன் மறுபடி 100, தவணைக் காலம் மறுபடி ஐந்து வருடம். இதையே மூன்று முறை செய்திருக்கிறீர்கள். ஆக, வாங்கிய பாட்டில்கள் 145-க்கு. இதுவரை கட்டியது 112. இன்னும் பாக்கி 85. கூட்டினால் 197. டாப்-அப்புக்கு டாப்-அப் வங்கி பிடித்த கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை.

இதே வருடத்துக்கு 28-ஐக் கடனே இல்லாமல் சேர்த்து வாங்கியிருந்தால், இன்று 112-க்கு பாட்டில்கள் இருக்கும், ஒரு பைசா பாக்கி இருக்காது. இந்த வரியை மட்டுமாவது மனைவியிடம் காட்டுங்கள். அவர் பயம் நியாயமானதுதான்.

சரி, விலை ஏறுகிறதே என்பீர்கள். மக்காலன் 1926-ஐயே எடுத்துக்கொள்வோம். 2019-ல் லண்டனில் ஒரு பாட்டில் சுமார் 14.5 லட்சம் பவுண்டுக்குப் போனது. 2023 நவம்பரில் அதே பீப்பாயிலிருந்து வந்த இன்னொரு பாட்டில், ஓவியர் வலேரியோ அடாமியின் லேபிள் ஒட்டியது, சுமார் 21.8 லட்சத்துக்குப் போனது. லேபிள் வேறு என்பதால் சரிக்குச் சரி ஒப்பிட முடியாது. ஆனாலும் கணக்கு போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 11 சதவீதம்கூட வரவில்லை. 2023-ல் ஏலத்தில் உலக சாதனை படைத்த விஸ்கி கூட உங்கள் பெர்சனல் லோன் வட்டியைத் தாண்டவில்லை. அதுவும் 1926-ல் வடித்து, 1986-ல் அடைத்து, மொத்தமே 40 பாட்டில்கள் வந்த பீப்பாய் அது. அடாமி லேபிளில் 12 தான். அதில் ஒன்று 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் போய்விட்டது என்கிறார்கள், இன்னொன்றை யாரோ திறந்து குடித்தே விட்டார்களாம். (குடித்தவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.) உங்கள் அலமாரியில் இருப்பவை ஆயிரக்கணக்கில் அடைத்து ‘லிமிடெட்’ என்று எண் போட்டு விற்றவை. அந்தக் கதையை இதற்குப் பொருத்தாதீர்கள்.

உங்கள் பாட்டிலுக்கு வருவோம். கட்டணத்தோடு சேர்த்து 100 கொடுத்து வாங்கினீர்கள், ஏலக் கட்டணம் 12 சதவீதம் என்று வைத்தால் ஏலத்தில் நின்ற விலை 89 தான். அந்த 100-ஐ டாப்-அப் இல்லாமல் ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டினாலே மொத்தம் 140 ஆகும். விற்கும்போது கமிஷன், அனுப்புகிற செலவு, இன்சூரன்ஸ் என்று 10 சதவீதம் போனால், 140 கைக்கு வர ஏல விலை 156 வரை ஏற வேண்டும். 89 எங்கே, 156 எங்கே? ஐந்து வருடமும் ஆண்டுக்கு 12 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும், லாபம் அதற்கு அப்புறம். 2022-க்குப் பிறகு ஏலங்களில் விலை எந்தப் பக்கம் போனது என்பதை நீங்களே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

போலிகளையும் மறக்காதீர்கள். 2017-ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் விருந்தினர், 1878-ஆம் ஆண்டு மக்காலன் என்று ஒரு சின்ன கிளாஸுக்குக் கிட்டத்தட்ட 10,000 பிராங்க் கொடுத்தார். சோதித்துப் பார்த்தால் 1970-களின் தொடக்கத்தில் வடித்த சரக்கு. ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2018-ல் ஸ்காட்லாந்து பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் 55 அரிய பாட்டில்களைக் கார்பன் சோதனை செய்தபோது 21 பாட்டில்கள் போலி, அல்லது லேபிளில் சொன்ன ஆண்டில் வடிக்கப்படாதவை என்று தெரிந்தது. உங்களுக்கு வந்தவற்றில் எத்தனைக்கு ஏல ரசீது இருக்கிறது, எத்தனை ‘மச்சான் வாங்கித் தந்தது’ என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. ஆயிரக்கணக்கில் வந்த சமீபத்திய வெளியீடுகளில், பெட்டியும் ரசீதும் இருப்பவற்றை முதலில் விற்பனைக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே ஏலத்தில் கொட்ட வேண்டாம், மூன்று நான்கு மாதங்களில் பிரித்து அனுப்பலாம். முதல் கடன் 100 என்ற அதே கணக்கில், செலவு போக 40 கைக்கு வந்தால் போதும், அப்படியே கடனில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று வங்கியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 85 பாக்கி 45 ஆகும். தவணைத் தொகையைக் குறைக்காதீர்கள், வங்கி குறைத்துத் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னும் நான்கு வருடம் இழுக்க வேண்டிய கடன் இரண்டு வருடத்துக்குள் தீரும். கட்ட வேண்டிய வட்டி 26-லிருந்து 6-க்கு வரும், அபராதம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 10-க்கு வாங்கியது 8-க்குப் போனால் வயிறு எரியும், தெரியும். ஆனால் அந்த 8-ஐ வைத்துக்கொண்டிருப்பதற்கு வருடத்துக்கு 1-க்கு மேல் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்களே.

எல்லாவற்றையும் விற்கச் சொல்லவில்லை. 1983-ல் மூடிய ப்ரோராவோ போர்ட் எலனோ உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வடிசாலைகளையும் இப்போது மறுபடி திறந்துவிட்டார்கள், ஆனால் அந்தக் காலத்துச் சரக்கு திரும்பி வராது. மனசுக்குப் பிடித்த இரண்டு மூன்று இருக்கட்டும். அவற்றை முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பீப்பாய் விஷயத்துக்கு எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது வழவழப்பான தாளில் ‘பங்குச் சந்தைக்குச் சம்பந்தமில்லாத வருமானம்’ என்று அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகும். சாராய அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே சட்டம் விடாது. கிடங்குக் கட்டணமும் இன்சூரன்ஸும் தனி. ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற மோசடிகளும் நடந்திருக்கின்றன. கிடங்கை நடத்துபவரின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாத வரை, கையில் இருக்கும் அழகான சான்றிதழால் பயனில்லை. பாதிப் பங்கு என்றால் பெரும்பாலும் பதிவேட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கும், அது யார் பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

மச்சானிடம் சண்டை வேண்டாம். ‘கடன் தீரும் வரை புதிதாக எதுவும் எடுப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்’ என்று சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டாம். விளக்கினால் அவர் பதில் வைத்திருப்பார். அவர் வீட்டில் இருக்கும் பாட்டில்களைப் பீப்பாய்ப் பேச்சு சூடாவதற்கு முன்பே எடுத்து வந்துவிடுங்கள். எடுக்கும்போது ஒவ்வொன்றின் லேபிளையும், சரக்கு மட்டத்தையும், மூடியையும் போட்டோ எடுங்கள். மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் ஏலத்தில் விலை அடிபடும், அதை விற்கும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.