வாசகர் கேள்வி: லெட்ஜரைத் தொடாமல் ரிவார்ட் எடுக்கலாமா?

கேள்வி: ஆட்டம் என்ற கிரிப்டோ காயினை லெட்ஜரில் (சாவியைக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்திருக்கும் சின்ன ஹார்டுவேர் வாலட்) வைத்து, அதன் பிளாக்செயினான காஸ்மாஸ் ஹப்பில் ஸ்டேக் செய்திருக்கிறேன், அதாவது ரிவார்டுக்காகப் பூட்டி வைத்திருக்கிறேன். ரிவார்டை எடுத்து மறுபடி ஸ்டேக் செய்ய ஒவ்வொரு தடவையும் லெட்ஜரைத் தேடி, கேபிள் தேடி, பின் நம்பர் போட்டு... அலுத்துவிட்டது. நண்பர் ஒருவர் பாட் (தானாக வேலை செய்யும் புரோகிராம்) ஓட்டுகிறார். லெட்ஜரின் சாவியைத் திரும்ப உருவாக்கும் 24 வார்த்தையைக் கொடுத்தால் தினமும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கூடாது. நண்பர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இங்கே இல்லை. அந்த 24 வார்த்தை ஒரு கம்ப்யூட்டரில் டைப் ஆகிவிட்டால் லெட்ஜர் வாங்கிய காசு வீண், அவ்வளவுதான். அவர் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும் போவது உங்கள் காயின்தான்.

நல்ல விஷயம் என்னவென்றால், நீங்கள் கேட்கிற வேலைக்கு அந்த வார்த்தைகளே தேவையில்லை. காஸ்மாஸ் ஹப்பில் 2021 டிசம்பர் அப்கிரேடில் 'ஆத்-இசட்' என்று ஒரு வசதி வந்தது. உங்கள் வாலட் முகவரி இன்னொரு வாலட் முகவரிக்கு, 'என் சார்பில் இந்த ஒரு வகைப் பரிவர்த்தனையை மட்டும் நீ செய்யலாம், இந்தத் தேதி வரை' என்று அனுமதி கொடுக்கலாம். சொத்துக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறோமே, விற்கவும் சேர்த்து எழுதலாம், வாடகை வசூலுக்கு மட்டும் என்றும் எழுதலாம், அதே கதைதான். லெட்ஜரில் ஒரு முறை கையெழுத்துப் போட்டால் போதும். அப்புறம் அந்த இன்னொரு முகவரியின் சாவி, உங்கள் பழைய லேப்டாப்பிலோ நண்பரின் சர்வரிலோ இருக்கிற சாதாரண வாலட், பாட் மூலம் தானாகவே ரிவார்டை எடுத்துக்கொண்டிருக்கும், இதைத்தான் கிளைம் என்கிறோம். கட்டணமும் அந்த வாலட்டிலிருந்துதான் போகும், அதனால் அதில் கொஞ்சம் ஆட்டம் போட்டு வையுங்கள், செலவுக்கு மட்டும்.

இப்போது முக்கியமான இடம். எந்த வகைப் பரிவர்த்தனைக்கு அனுமதி என்பதில்தான் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறது. 'வித்ட்ரா டெலிகேட்டர் ரிவார்ட்' என்ற ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால், அந்த லேப்டாப்பை ஒருவன் அப்படியே தூக்கிக்கொண்டு போனாலும் அவனால் முடிந்தது உங்கள் ரிவார்டை எடுத்து உங்கள் முகவரிக்கே அனுப்புவது. ஏனென்றால் ரிவார்ட் எங்கே போக வேண்டும் என்பதைக் கிளைம் செய்கிறவர் தீர்மானிப்பதில்லை, செயினில் பதிவான 'வித்ட்ரா அட்ரஸ்' தீர்மானிக்கிறது. நீங்கள் மாற்றாதவரை அது உங்கள் முகவரியேதான். திருடன் பாவம், அவனுக்கு மிஞ்சுவது அந்த வாலட்டில் கட்டணத்துக்குப் போட்ட சில்லறை மட்டும்தான்.

அதே நேரம் 'செட் வித்ட்ரா அட்ரஸ்' அனுமதியையும் சேர்த்துக் கொடுத்தீர்கள் என்றால் கதை தலைகீழ், முதலில் முகவரியை மாற்றுவான், பிறகு கிளைம் செய்வான். காயினை அனுப்பும் 'செண்ட்' அனுமதி பற்றிச் சொல்லவே வேண்டாம். கிளைம் பாட் என்று சொல்லிக்கொண்டு இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைக் கேட்கிறது என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அனுமதி கொடுக்கும் முன் உங்கள் வித்ட்ரா அட்ரஸ் இப்போது என்னவாக இருக்கிறது என்பதையும் ஒரு எக்ஸ்ப்ளோரரில் (செயினில் பதிவானதைக் காட்டும் இணையதளம்) பார்த்துவிடுங்கள், எப்போதோ மாற்றி வைத்து மறந்திருக்கலாம்.

மறுபடி ஸ்டேக் செய்வதும் தானாக நடக்க வேண்டும் என்கிறீர்கள். இதற்குத் தனி அனுமதி, 'ஸ்டேக் ஆத்தரைசேஷன்'. இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். எந்த வேலிடேட்டருக்கு (நீங்கள் ஸ்டேக் செய்யும் காயினை ஏற்றுச் செயினை நடத்துபவர்) மட்டும், மொத்தம் எவ்வளவு வரை என்று இரண்டு வரம்பு வைக்க இதில் இடம் உண்டு, இரண்டையும் வையுங்கள். வரம்பு வைக்காவிட்டால் பாட் ரிவார்டை மட்டும்தான் ஸ்டேக் செய்யும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அடுத்த வாரம் விற்கலாம் என்று 40 ஆட்டம் தனியாக வைத்திருக்கிறீர்கள், பாட் புரோகிராமில் ஒரு பிழை, அந்த நாற்பதும் ஸ்டேக்கில் போய் உட்கார்ந்துவிடும். திரும்ப எடுக்க 21 நாள். யாரும் திருடவில்லை, ஆனால் விலை இறங்கும்போது கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். சாவி தவறான ஆளிடம் போய், அவன் ஒழுங்கில்லாத ஒரு வேலிடேட்டரிடம் போட்டுவிட்டால் ஸ்லாஷிங் என்ற அபராதத்தில் அசலே கொஞ்சம் வெட்டுப்படலாம். மொத்த வரம்பு பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்துகொண்டே வரும், தீர்ந்ததும் அனுமதி செத்துவிடும். ஒரு வருடத்து ரிவார்ட் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு அந்த அளவுக்கு மட்டும் வைத்தால் போதும்.

கையெழுத்துப் போடும்போது லெட்ஜரின் சின்னத் திரையில் வருவதைப் பொறுமையாகப் படியுங்கள். அனுமதி பெறுகிறவரின் முகவரி, எந்த வகைப் பரிவர்த்தனை, எந்தத் தேதி வரை, மூன்றும் அங்கே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரை எதை வேண்டுமானாலும் காட்டும். ஆரம்பத்தில் இந்த வகைக் கையெழுத்து லெட்ஜரில் பல செயின்களில் வேலையே செய்யவில்லை, பிறகு வந்த மென்பொருள் பதிப்புகளில்தான் சரியானது, இன்றும் சில செயின்களில் பிழை காட்டலாம். காட்டினால் அந்தச் செயினில் கையாலேயே கிளைம் செய்துகொள்ளுங்கள், அவசரத்துக்கு 24 வார்த்தையை ஒரு சாஃப்ட்வேர் வாலட்டில் போட்டுக் கையெழுத்திடும் குறுக்கு வழி வேண்டாம்.

காலாவதித் தேதி ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். நடுவில் சந்தேகம் வந்தால் லெட்ஜரை எடுத்து 'ரிவோக்' (ரத்து) கொடுங்கள், அந்தப் பரிவர்த்தனை பிளாக்கில் ஏறியதுமே அனுமதி போய்விடும், யாரையும் கேட்கத் தேவையில்லை.

கேள்வி: பாட் ஓட்டுவதற்கான அந்த இன்னொரு வாலட்டை, லெட்ஜரின் அதே 24 வார்த்தையில் இரண்டாவது அக்கவுண்டாக வைத்துக்கொள்ளலாமா? இன்னொரு சீட் ஃப்ரேஸை (அதே மாதிரி இன்னொரு வார்த்தைப் பட்டியலை) எழுதிப் பாதுகாப்பது தொல்லை.
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். இரண்டாவது அக்கவுண்டின் சாவி பாட் ஓடும் கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும், அதற்கு அந்த 24 வார்த்தையையும் அங்கே டைப் செய்தாக வேண்டும், முதல் அக்கவுண்டும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். புதிதாக ஒரு வாலட் உருவாக்குங்கள். அதை எழுதிப் பாதுகாப்பது பற்றி அவ்வளவு கவலையும் தேவையில்லை. தொலைந்தால் போவது கட்டணத்துக்குப் போட்ட சில்லறை, பழைய அனுமதியை ரத்து செய்துவிட்டு வேறு வாலட்டுக்குப் புதிதாகக் கொடுத்தால் முடிந்தது.

கேள்வி: எத்தீரியத்தில் இயங்கும் ஐகன்லேயர் என்ற ஸ்டேக்கிங் தளத்திலும் இப்படி 'கிளைமர்' என்று ஒரு முகவரியை நியமிக்கலாம் என்கிறார்கள். அங்கேயும் பயமில்லையா?
- வாசகர், கோவை

பதில்: பயம் உண்டு. பெயர் ஒன்று போலத் தெரியும், உள்ளே வேறு. ஐகன்லேயரில் கிளைம் செய்யும்போது ரிவார்ட் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் கிளைமர்தான் சொல்கிறார். அதாவது கிளைமரின் சாவி போனால் அதுவரை எடுக்காமல் சேர்ந்திருக்கும் ரிவார்டும், இனி வரப்போகிற ரிவார்டும் திருடியவன் பைக்குப் போகும். ஸ்டேக் செய்த அசலைத் தொட முடியாது, அந்த மட்டில் ஆறுதல். அதனால் இங்கே கிளைமராக ஒரு சர்வரில் கிடக்கும் வாலட்டைப் போட நான் சொல்ல மாட்டேன். இன்னொரு ஹார்டுவேர் வாலட்டின் முகவரி, அல்லது பணம் உங்கள் முகவரிக்கு மட்டுமே போகும்படி எழுதி, தெரிந்தவர்கள் சரிபார்த்த ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (செயினிலேயே இயங்கும் புரோகிராம்) என்றால் சரி. எந்தச் செயினாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பணம் போய்ச் சேரும் முகவரியை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: தினமும் கிளைம் செய்து கூட்டு வட்டி மாதிரி போட்டால் லாபம் அதிகம்தானே?
- வாசகர், சென்னை

பதில்: அதிகம்தான், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு வருடம் 15 சதவீதம் ரிவார்ட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு முறை மறுபடி ஸ்டேக் செய்தால் வருட முடிவில் 16.08 சதவீதம், வாரம் ஒரு முறை என்றால் 16.16, தினமும் என்றால் 16.18. ஒரு லட்ச ரூபாய்க்கு மாதக் கணக்குக்கும் தினக் கணக்குக்கும் வித்தியாசம் நூறு ரூபாய்ச் சொச்சம், அதுவும் கட்டணம் கழிக்காமல். தினமும் கிளைம் செய்தால் வருடத்துக்கு 365 வரவு, ஒவ்வொன்றுக்கும் தேதியும் அன்றைய விலையும் வைத்திருக்க வேண்டும், ஆடிட்டர் கேட்பார். கிரிப்டோ விற்ற லாபத்துக்கு இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி இருக்கிறது, வாங்கிய விலையைக் காட்ட இந்தக் கணக்குதான் உதவும். வாரம் ஒரு முறை போதும்.

கேள்வி: சொலானா, கார்டானோ இரண்டிலும் ஸ்டேக் செய்திருக்கிறேன். இந்த மாதிரி பாட் தேவையா?
- வாசகர், திருச்சி

பதில்: தேவையில்லை. சொலானாவில் நேரடியாக ஸ்டேக் செய்திருந்தால் ரிவார்ட் அதே ஸ்டேக் அக்கவுண்டில் தானாகச் சேரும். கார்டானோவில் எடுக்காமல் விட்ட ரிவார்டும் ஸ்டேக்கிலேயே கணக்காகும். இந்த இரண்டுக்கும் 'ஆட்டோ கிளைம்' செய்து தருகிறேன் என்று டெலிகிராமில் யாராவது வந்தால் பிளாக் செய்துவிடுங்கள்.